‘ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, முழுவதும் ஒரே புத்தகத்தில்’ என்று கண்டால் பணம் கட்டிவிடாதீர்கள்

ஆன்லைனில் ஒரு புத்தகம் விற்றுக்கொண்டிருக்கிறது. கருநீல அட்டை, பாய்மரக் கப்பல் படம், தங்க நிறத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர், அதற்குக் கீழே ‘முழுமையான நாட்குறிப்பு’ என்ற வரி. விலை 899 ரூபாய். நான் வாங்கி ஏமாந்தேன். கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆட்கள்தான் இதை அதிகம் வாங்குவார்கள் என்பதால் எழுதுகிறேன். விற்றவர்கள் பெயரைப் போடவில்லை. அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் பெயரைத் தெரிந்துகொண்டு பயனில்லை. புத்தகத்தை அடையாளம் கண்டுகொள்வதுதான் முக்கியம்.

வாங்கியது அப்பாவுக்காக. அப்பா பிறந்து வளர்ந்தது தேவனாம்பட்டினம், வேலை பார்த்தது கடலூர் முதுநகர் துறைமுகத்தில். இப்போது 74 வயது. கண் கொஞ்சம் மங்கிவிட்டது, ஆனாலும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் படிக்காமல் இருக்க மாட்டார். சின்ன வயதில் எங்களை வெள்ளி கடற்கரைக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம், கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கோட்டை இருந்த இடத்தைக் காட்டுவார். 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து அந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது, சுட்ட பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுந்ததோ அதுவரைக்கும் நிலம் என்று பேசிக்கொண்டது, அதனால்தான் குண்டு உப்பலவாடி என்று ஊர்ப்பெயரே வந்தது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் ஆங்கிலேயர் தலைமையிடத்தை இந்தத் தேவனாம்பட்டினம் கோட்டைக்குத்தான் கொண்டுவந்தார்கள். 1752 வரை இங்கிருந்துதான் நிர்வாகம்.

அதே ஆண்டுகளில் பதினைந்து மைலுக்குள் புதுச்சேரியில் உட்கார்ந்து ஆனந்தரங்கப் பிள்ளை என்ற தமிழர் அன்றாடம் நடந்ததைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு வரை எழுதியிருக்கிறார். அவர் கண்மூடிய அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சுக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் தரகராக இருந்தவர் என்பதால் கவர்னர் மாளிகையில் யார் என்ன பேசினார்கள், எந்தக் கப்பல் என்ன சேதி கொண்டுவந்தது எல்லாம் அவர் காதுக்கு வந்துவிடும். தன் ஊரைப் பற்றி அந்த மனிதர் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு தடவையாவது படித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் போனால் அந்தப் பழைய வீட்டைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்.

அதனால்தான் ‘முழுமையான’ என்ற சொல்லைப் பார்த்ததும் யோசிக்காமல் ஆர்டர் போட்டேன். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் நின்று வாங்கியிருந்தால் நான்கு பக்கம் புரட்டிப் பார்த்திருப்பேன். போனில் வாங்கும்போது அட்டையைத்தான் பார்க்கிறோம். ஐந்துக்கு நாலரை ஸ்டார் வேறு போட்டிருந்தது.

பார்சல் வந்தது. 312 பக்கம். அப்பா கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல ஒரு முறை தூக்கிப் பார்த்தார். “இவ்வளவுதானா?” என்றார். எழுத்து சின்னதாக இருக்கும்ப்பா என்று நான்தான் சமாதானம் சொன்னேன். எழுத்து சின்னதாகவும் இல்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், புத்தகம் மடியில் விரித்தபடி இருந்தது. “கப்பல் எப்படிம்மா சாலையில நிக்கும்?” என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். ‘மூன்று கப்பல்கள் சாலைகளில் நங்கூரமிட்டன’ என்று அச்சாகியிருந்தது. ஒரு நிமிடம் எனக்கும் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. கரையிலிருந்து தள்ளிக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் கடற்பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘ரோட்ஸ்’ என்பார்கள். அதைக் கம்ப்யூட்டர் ‘சாலைகள்’ என்று மாற்றியிருக்கிறது. துறைமுகத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்த மனிதர் அந்த ஒரு வரியை அரை நாள் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். தனக்குத்தான் விளங்கவில்லையோ என்று நினைத்திருக்கிறார். பணம் போனதைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

அன்று ராத்திரி முழுப் புத்தகத்தையும் பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கு எழுதும் ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களை ‘ரைட்டர்’ என்பார்கள், அவர்கள் எல்லோரும் ‘எழுத்தாளர்கள்’ ஆகிவிட்டார்கள். கம்பெனியின் பண்டகசாலைகளை ‘ஃபேக்டரி’ என்பார்கள், அவை ‘தொழிற்சாலைகள்’ ஆகிவிட்டன. விருந்தாளிக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்புகிற இடத்தில் ‘வெற்றிலை மற்றும் கொட்டை’ கொடுக்கிறார்கள். நள வருஷம் ஆவணி மாதம் என்பது ‘நாலா, அவனி’ என்று கிடக்கிறது. தமிழ் வருஷப் பெயரையும் மாதப் பெயரையும் இங்கிலீஷில் எழுதி, திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தால் மட்டுமே இப்படி வரும். அப்பா தேடிய தேவனாம்பட்டினம் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. அந்தக் கோட்டையின் இங்கிலீஷ் பெயரை அப்படியே மாற்றி, எல்லா இடத்திலும் ‘புனித டேவிட் கோட்டை’.

என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. முதல் தொகுதிகளை ப்ரைஸும் ரங்காச்சாரியும், மற்றவற்றை டாட்வெல்லும் பதிப்பித்தார்கள். அதற்குக் காப்புரிமைக் காலம் முடிந்து பல காலமாகிறது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இவர்கள் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, வந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆர்டர் வரும்போது ஒரு பிரதி மட்டும் அச்சடித்து அனுப்பும் முறை இப்போது இருப்பதால் கையில் முதல் போட வேண்டியதில்லை. ஆயிரம் பேரில் பத்துப் பேர் ஏமாந்தாலும் லாபம்தான்.

தமிழன் தமிழில் எழுதிய நாட்குறிப்பு இது. இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்து இயந்திரம் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்து, பக்கத்து ஊர்க்காரரான என் அப்பாவுக்கே புரியாமல் போயிருக்கிறது. இதைச் செய்தவர்களுக்கு அந்த மனிதர் எழுதிய தமிழில் ஒரு வரிகூடத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதுவும் 312 பக்கமும் நாட்குறிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். முதல் 70 பக்கம் புதுச்சேரி வரலாறு என்ற பெயரில் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி ஒன்று. கடைசி 50 பக்கம் சுற்றுலாக் குறிப்பு, எந்தக் கடற்கரைக்கு எப்போது போகலாம் என்று. நடுவில் இருப்பதிலும் 141-ஆம் பக்கத்திலிருந்து 16 பக்கம் இரண்டு தடவை வருகிறது. 1736-ல் தொடங்கி 1747-ஓடு நின்றுவிடுகிறது. ஏன் நின்றது, மீதி எங்கே என்று ஒரு வார்த்தையும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லை, பதிப்பாசிரியர் பெயர் இல்லை, எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லை. பதிப்பகத்தின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது.

ரிட்டர்ன் கேட்டேன். புத்தகம் கிழியவில்லை, நனையவில்லை, அதனால் எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. இரண்டாவது தடவை எழுதினேன். “உள்ளடக்கம் பற்றிய கருத்து வாசகரைப் பொறுத்தது” என்றார்கள். எனக்குக் கதை பிடிக்கவில்லை என்று நான் புகார் சொல்லவில்லை. முழுமையானது என்று சொல்லி விற்றது முழுமையாக இல்லை என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றா?

இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறோம், 899 ரூபாய்க்கு யார் அலைவது என்று. நானும் விட்டிருப்பேன், அப்பாவின் முகம்தான் விடவில்லை. 2020-ல் வந்த மின்வணிக விதிகளில் தெளிவாக இருக்கிறது: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. கிழிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். விற்பனைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், பில், ‘முழுமையான’ என்ற அட்டையின் படம், இரண்டு தடவை அச்சாகியிருந்த 16 பக்கங்களின் படம், அவர்கள் அனுப்பிய இரண்டு பதில்கள், எல்லாம் சேர்த்து அனுப்பினேன். பதினோராவது நாள் 899 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. கூரியருக்குக் கட்டிய 60 ரூபாய் வரவில்லை, அதை நான் தொடரவில்லை. வந்திருக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன், விற்பனைப் பக்கத்தை வாங்கும்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் கொடுத்த மறுநாளே அந்தப் பக்கத்தில் ‘முழுமையான’ என்ற சொல் ‘சிறப்பு’ என்று மாறிவிட்டது. பழைய படம் என் போனில் இருந்ததால் பிழைத்தேன்.

வாங்குவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது பக்க எண்ணிக்கையைத்தான். 12 தொகுதியாக வந்த ஒன்று 312 பக்கத்துக்குள் அடங்காது என்பது கணக்குப் போட்டால் யாருக்கும் தெரியும். நான் போடவில்லை. பழைய நூல் எதுவாக இருந்தாலும் மூலம் எத்தனை தொகுதி, எத்தனை பக்கம் என்று முதலில் பாருங்கள். பிறகு மொழிபெயர்ப்பாளர் பெயரையோ பதிப்பாசிரியர் பெயரையோ தேடுங்கள். அது இல்லை என்றால் வேண்டாம். மாதிரிப் பக்கம் காட்டினால் முன்னுரையை விட்டுவிட்டு நடுப்பக்கத்தைப் படியுங்கள், முன்னுரையை மட்டும் யாரையாவது வைத்து ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். ஸ்டாரை நம்ப வேண்டாம். அந்த நாலரை ஸ்டாரில் பாதிப் பேர் ‘டெலிவரி சீக்கிரம் வந்தது’ என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒருவர்கூடப் படித்துவிட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

முத்தியால்பேட்டையில் அப்பாவுக்கு ஒரு பழைய நண்பர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விஷயத்தைச் சொன்னதும் தன் அலமாரியிலிருந்து உண்மையான தமிழ்ப் பதிப்பின் இரண்டு தொகுதிகளை எடுத்துக் கொடுத்தார், காக்கி அட்டை போட்டுக் கட்டியது. பஸ்ஸில் வரும்போதே அப்பா ஒன்றைப் பிரித்துவிட்டார். காற்புள்ளி முற்றுப்புள்ளி என்று எதுவும் ஒழுங்காகக் கிடையாது, வாக்கியம் நீண்டுகொண்டே போகிறது, பிரெஞ்சுப் பெயர்கள் எல்லாம் பிள்ளையின் காதில் விழுந்தபடியே எழுதப்பட்டிருக்கின்றன. எனக்குத் தடுமாறியது. அப்பா தடுமாறவில்லை. சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். ‘சலங்கு’ என்ற சொல் வந்ததும் நிறுத்தி, கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற படகும்மா, எங்க தாத்தா சொல்வார் என்றார். இரண்டு பக்கம் தள்ளித் தேவனாம்பட்டணம் என்று வந்தபோது விரலை அந்த வரியில் வைத்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று தேடிப் பார்த்தேன். அதே புத்தகம் வேறு பதிப்பகப் பெயரில், பச்சை அட்டையோடு வந்திருக்கிறது. விலை 999. பக்கம் அதே 312, ‘முழுமையான’ என்ற சொல்லும் திரும்ப வந்துவிட்டது. ஏற்கனவே வாங்கியவர்கள் இருந்தால் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்கு இன்றே பேசிவிடுங்கள்.