நோயாளிக் குறிப்பு: விவரிப்பா, டிக் படிவமா, எஸ்.ஓ.ஏ.பி.யா?

உள்நோயாளிகளின் அன்றாடக் குறிப்பை எந்த வடிவில் எழுதுவது என்று எங்கள் வார்டில் முடிவெடுக்க வேண்டி வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. நடந்ததை நேர வரிசையில் எழுதிக்கொண்டு போகும் பழைய விவரிப்பு முறை ஒன்று. இயல்பாக இருப்பவற்றுக்கு டிக் போட்டுவிட்டு, மாறுபட்டதை மட்டும் எழுதும் விதிவிலக்குப் பதிவு முறை இன்னொன்று. நோயாளி சொன்னது, நாம் பரிசோதித்துக் கண்டது, அவற்றிலிருந்து நாம் கருதுவது, இனிச் செய்யப்போவது என்று நான்காகப் பிரிக்கும் எஸ்.ஓ.ஏ.பி. (Subjective, Objective, Assessment, Plan) முறை மூன்றாவது. நான் எஸ்.ஓ.ஏ.பி.க்காக வாதாடினேன். இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன்.

எந்த வடிவத்திலும் மாறாத விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: தேதி, நேரம், கையெழுத்தின் கீழ் படிக்கும்படியான பெயர். பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். அழிக்கவோ மறைக்கவோ கூடாது. மருந்தளவை 5.0 என்று எழுதினால் 50 என்று படிக்கப்படலாம்; .5 என்று எழுதினால் 5 ஆகிவிடலாம். இன்சுலின் யூனிட்டை U என்ற ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால் அது சுழியம் போலத் தெரியும். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் அமெரிக்க அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2004-இல் கொண்டுவந்த, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இந்த மூன்றும் உண்டு.

விதிவிலக்குப் பதிவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது; அதை மறுக்க முடியாது. நிலையாக இருக்கும் நோயாளியின் வழக்கமான செவிலியர் கண்காணிப்புக்கு அது போதும். ஆனால் 'இயல்பு' என்றால் என்ன என்பதை ஒவ்வோர் உறுப்பு மண்டலத்துக்கும் முன்கூட்டியே எழுதி வைத்து, எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒரு டிக், பார்த்துப் போட்டதா, பழக்கத்தில் போட்டதா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. கால் வீக்கம் இல்லை என்பதும் காலையே பார்க்கவில்லை என்பதும் படிவத்தில் ஒன்றுபோலவே நிற்கும்.

விவரிப்பு முறைக்கு உரிய இடம் அவசரம். நோயாளி கீழே விழுந்தால், ஊசி போட்டதும் ஒவ்வாமை வந்தால், இதயம் நின்றுபோனால், எது முதலில், எது எத்தனை நிமிடம் கழித்து என்ற வரிசைதான் முக்கியம். நான்கு பெட்டிகளுக்குள் அதைப் பிரித்துப் போட்டால் வரிசை சிதைந்துவிடும். அதனால் அவசர நிகழ்வுகளுக்கு அதை வைத்துக்கொண்டோம். நிலைமை அடங்கியதும் அதன் கீழே மதிப்பீடும் திட்டமும் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

எஸ்.ஓ.ஏ.பி. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவரிடமிருந்து வந்தது. நோயாளியின் பிரச்சினைகளுக்கு எண்ணிட்டுப் பட்டியலிட்டு, ஒவ்வொரு குறிப்பையும் ஒரு பிரச்சினையின் கீழ் எழுத வேண்டும் என்று அவர் 1968-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வாதிட்டார். நான்கு எழுத்துகளைப் பிடித்துக்கொண்ட பலர் அந்தப் பட்டியலை விட்டுவிட்டார்கள். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் நிமோனியாவும் ஒருசேர உள்ளவருக்குப் பட்டியல் இல்லாமல் எழுதினால் எந்தத் திட்டம் எதற்கு என்றே புரியாது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது மூன்றாவது பகுதிதான், அதாவது மதிப்பீடு. இதயச் செயலிழப்பு உள்ள ஒருவருக்கு, உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோசமைடு மருந்து காலையில் நிறுத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். "மருத்துவர் பார்த்தார். ஃப்யூரோசமைடு நிறுத்தப்பட்டது. நோயாளி நலம்" என்று விவரிப்புக் குறிப்பு முடிந்துவிடலாம். அதில் பொய் ஏதும் இல்லை. இரவுப் பணிக்கு வரும் டாக்டர் அந்த நோயாளியை அதற்குமுன் பார்த்ததில்லை. காலில் மிச்சமிருக்கும் வீக்கத்தைப் பார்க்கிறார். மருந்து விடுபட்டிருக்கிறது என்று நினைத்து மீண்டும் தொடங்கினால் அவரைக் குறைசொல்ல முடியுமா?

அதே முடிவு இப்படி எழுதப்பட்டால் (கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை; கூடினால் பாதிப்பு): "இதயச் செயலிழப்பு தணிகிறது. ஆனால் இரண்டு நாளில் எடை 3 கிலோ குறைந்திருக்கிறது, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறது, கிரியேட்டினின் 1.1-இலிருந்து 1.8 ஆகியிருக்கிறது. உடலிலிருந்து நீர் அளவுக்கு மேல் வெளியேறியிருப்பதாகக் கருதுகிறேன். ஃப்யூரோசமைடு இன்று வேண்டாம். நாளைக் காலை எடை, கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்க வேண்டும். இரவில் மூச்சுத்திணறல் வந்தாலோ ஆக்சிஜன் செறிவு 92 சதவீதத்துக்குக் கீழே போனாலோ நேரில் பார்த்து மறுபரிசீலனை செய்யவும்." இரவு டாக்டருக்குக் காரணமும் தெரிகிறது, எந்தக் கட்டத்தில் அந்தக் காரணம் செல்லாது என்பதும் தெரிகிறது.

நல்ல விவரிப்பிலும் காரணத்தை எழுதலாமே என்று கேட்பார்கள். எழுதலாம்தான். ஆனால் நெருக்கடியான நாளில், களைத்த கை முதலில் விட்டுவிடுவது காரணத்தைத்தான். எண்களும் மருந்துகளும் வேறு தாள்களில் கிடைத்துவிடும். நாம் என்ன நினைத்தோம் என்பது வேறெங்கும் இருக்காது. எஸ்.ஓ.ஏ.பி.யில் அந்த இடம் காலியாக இருந்தால் கண்ணில் படுகிறது.

அதையும் ஏமாற்ற முடியும். தினமும் "நிமோனியா, 3-ஆம் நாள்", "நிமோனியா, 4-ஆம் நாள்" என்று எழுதுவது மதிப்பீடு ஆகாது. "காய்ச்சல் தணியவில்லை, ஆக்சிஜன் தேவை கூடுகிறது, நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கலாம்" என்பது மதிப்பீடு. கணினிப் பதிவில் இதைவிடப் பெரிய ஆபத்து, நேற்றைய குறிப்பை நகலெடுப்பது. எடுத்துவிட்ட சிறுநீர்க் குழாய் குறிப்பில் மட்டும் நாள்கணக்கில் தொடரும். இதைத் தடுக்க எஸ்.ஓ.ஏ.பி.யால் முடியாது, பெட்டிகள் இருப்பதால் நகலெடுப்பது இன்னும் எளிதாகிறது என்றுகூடச் சொல்வேன். பரிசோதனைப் பகுதியை ஒவ்வொரு நாளும் வெறுமையிலிருந்து எழுதுவது என்று நாங்களே விதி வைத்துக்கொண்டோம். திரையில் மதிப்பீட்டையும் திட்டத்தையும் மேலே கொண்டுவந்து, மற்ற இரண்டையும் கீழே வைக்கும் ஏ.பி.எஸ்.ஓ. வரிசையும் உண்டு. இரவில் அவசரமாகத் திறப்பவருக்கு அது வசதி.

இவை பொது வார்டு அனுபவத்திலிருந்து சொல்வது. மணிக்கு மணி அளவுகள் மாறும் தீவிர சிகிச்சைப் பிரிவில் உறுப்பு மண்டல வாரியாக எழுதுகிறார்கள்; அங்கே நான் அதிகம் பணியாற்றியதில்லை. மனநலப் பிரிவில் நோயாளியின் சொற்களை அவர் சொன்ன வரிசையிலேயே வைத்திருப்பது கண்டறிதலுக்கே தேவைப்படும் என்பதால், அங்கே விவரிப்பை விட்டுவிடும்படி நான் சொல்ல மாட்டேன்.