டிரெட்மில் டெஸ்ட்: ரிப்போர்ட் நார்மல், அப்புறம் 9 நாள் படுக்கை

எனக்கு நாள்பட்ட சோர்வு நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. படபடப்பு இருந்ததால் டாக்டர் டிரெட்மில் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்துப் பரிசோதனை மையத்திலேயே எடுத்தேன்.

அறை சுத்தம். நெஞ்சில் பட்டைகளை ஒட்டிய பெண் அவ்வளவு பொறுமை. 3 நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடுகிற புரூஸ் முறை. ஐந்தாவது நிமிடமே தொடை கல்லாகிவிட்டது. "இன்னும் ஒரே நிமிஷம்மா, வந்துடும்" என்றார். ஏழில் நிறுத்தச் சொன்னேன்.

அன்று மாலை ரசம்கூட வைத்தேன். மறுநாள் காலை பல் தேய்க்கக் கை எழவில்லை. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, தலையணையில் சாய்ந்துதான் குடித்தேன்.

இந்த நோயின் அடையாளமே இதுதான்: உழைப்புக்குப் பிறகு, பல மணி நேரம் கழித்துகூட, உடம்பு சரிந்துவிடும். ஒரு நாள் டெஸ்டில் இது தெரியாது. மூச்சுக்காற்றையும் அளந்து அடுத்தடுத்து இரண்டு நாள் செய்யும் சோதனையில், பலருக்கு இரண்டாம் நாள் திறன் குறைவது பதிவாகியிருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தரக் கூடாது என்று 2021இலேயே சொல்லிவிட்டது.

மையத்தின் படிவத்தில் ஆஸ்துமா, சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் கேட்டார்கள். சோர்வு நோய் பற்றி ஒரு கேள்வி இல்லை. அதற்குத்தான் இரண்டு நட்சத்திரம் குறைக்கிறேன். என்னைப் போன்றவர்கள் போவதானால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள், துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள், அடுத்த வாரம் முழுக்க எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.