தருமபுரியிலிருந்து கொழும்பு: பெங்களூரா, திருச்சியா, சென்னையா?

தருமபுரியிலிருந்து கொழும்புக்குப் புறப்படுபவர், பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும் பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்து விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்தால் கணக்குத் தவறிவிடும். நேர்கோட்டில் அளந்தால், கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையம் பெங்களூரிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர், சென்னையிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து சுமார் 420 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால் திருச்சி விமானத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமும் பெங்களூர் விமானத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும் ஆகின்றன. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவும் மேலேறவும் இறங்கவும் எந்த விமானத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம் பிடிப்பதால், தூரம் குறைந்த விகிதத்தில் நேரம் குறைவதில்லை.

ஆகவே, வானத்தில் மிச்சமாகும் அரை மணி நேரத்தைச் சாலை திருப்பி வாங்கிக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. பெங்களூர் விமான நிலையம் நகரத்தில் இல்லை. வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக அத்திப்பள்ளி வரை வண்டி தடையின்றி ஓடும். அதற்குப் பிறகு நகரத்தின் தென்கோடியில் நுழைந்து வடகோடியில் வெளியேற வேண்டியிருப்பதால், விடியலுக்கு முன் மூன்று மணி நேரத்தில் முடிகிற அதே பயணம் மாலையில் எவ்வளவு நீளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. திருச்சிக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாக இறங்க வேண்டும், நாமக்கல்லுக்குப் பிறகு சாலையும் அவ்வளவு அகலமில்லை. என்றாலும் நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டால் பெரும்பாலும் பொய்க்காது. எனவே அதிகாலை விமானமென்றால் இரவே கிளம்பிப் பெங்களூர் செல்வதும், பிற்பகல் அல்லது மாலை விமானமென்றால் திருச்சி செல்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது. திருச்சியில் கொழும்பு விமானங்கள் குறைவு என்பதால், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னை விமான நிலையம் சாலையில் 280 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், காரில் செல்பவருக்கு அது பொருந்தாது. கார் இல்லாதவருக்கோ நிலைமை வேறு: மொரப்பூரில் நிற்கும் சென்னை ரயிலில் ஏறி, நகரத்தில் இறங்கிப் புறநகர் ரயிலைப் பிடித்தால், திரிசூலம் நிலையத்துக்கு எதிரிலேயே விமான நிலையம். பெட்டி படுக்கையோடு பேருந்து மாறி மாறித் தேவனஹள்ளி சேர்வதைவிட இது நிம்மதியானது.

இத்தனை யோசனையும் தருமபுரிக்காரருக்குத்தான். ஐம்பது கிலோமீட்டர் வடக்கே கிருஷ்ணகிரியில் இருப்பவருக்கு தேவனஹள்ளி 125 கிலோமீட்டராகச் சுருங்கி, திருச்சி 250 கிலோமீட்டராக நீண்டுவிடுவதால், ஓசூர் சாலையின் நெரிசலைச் சபித்துக்கொண்டேயானாலும் அவர் பெங்களூருக்குத்தான் போவார்.