மார்கழியில் அகல லென்ஸ் வாடகை: கோவை, சித்தூர், கல்பாத்தி

டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கோவையில் கேமரா வாடகைக் கடைகள் கல்யாண வேலையை நம்பித்தான் ஓடுகின்றன. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. மற்ற மாதங்களில் முன்பதிவு இல்லாமல் கண்ணில் படாத விலை உயர்ந்த அகல லென்ஸ்கள் (அகன்ற காட்சியைப் பிடிக்கும் வைட் ஆங்கிள் லென்ஸ்கள்) அப்போது அலமாரியில் சும்மா இருக்கும், வாடகையிலும் பேசிக் குறைக்கலாம். தை பிறந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், கணக்கு வேறு. பாலக்காடு, திருச்சூர் பக்கம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிறிஸ்தவக் கல்யாணங்கள் வரிசையாக வரும். அதனால் லென்ஸைக் கோவையில் எடுத்து, அது நல்லதா என்ற சோதனையைப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் வைத்துக்கொள்வதே தோது. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி வட்டாரத்தில் எங்கே நின்றாலும் தமிழிலேயே பேசி இடம் கேட்கலாம்.

ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது இந்த நான்கில் ஒன்றை. மிமீ எண் குறைந்தால் காட்சி அகலும், எஃப் எண் குறைந்தால் ஒளி அதிகம் நுழையும். சோனி 14 மிமீ எஃப்/1.8 ஜிஎம், 2021-இல் வந்தது, எடை 460 கிராம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த சோனி 20 மிமீ எஃப்/1.8 ஜி, 373 கிராம். சிக்மா 14 மிமீ எஃப்/1.4, 2023-இல் வந்தது, ஒரு கிலோவைத் தாண்டும். விலையில் இறங்கி வருவது வில்ட்ராக்ஸ் 16 மிமீ எஃப்/1.8. இவற்றில் எது நல்லது என்று இணையத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கையில் வந்திருக்கும் அந்த ஒரு பீஸ் நல்லதா என்பதை நாமே பார்த்தால்தான் உண்டு. அகல லென்ஸில் கண்ணாடிகளில் ஒன்று இம்மியளவு நகர்ந்திருந்தாலும் ஒரு மூலை மட்டும் மங்கிவிடும். வாடகை லென்ஸ் பல பைகளில் அடிபட்டு வந்தது, அதற்கு அந்த வாய்ப்பு அதிகம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கடை வாசலிலேயே பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசிப் புள்ளிகளால் கெடுதல் இல்லை. சிலந்தி நூல் போல் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸைத் தொட வேண்டாம். அடுத்து, கேமராவில் பூட்டும் மவுண்ட் பக்கம். 14 மிமீ லென்ஸ்களின் முன்கண்ணாடி உருண்டு துருத்திக்கொண்டிருப்பதால் முன்னால் ஃபில்டர் மாட்ட முடியாது. அதற்குப் பதிலாகப் பின்னால் சின்ன ஷீட் ஃபில்டர் செருகும் சட்டம் இருக்கும். முன்பு எடுத்தவர் அதில் விட்டுப்போன கீறல் விழுந்த ஷீட் அப்படியே இருப்பதும் உண்டு. ஒரு கடையில் அப்படித்தான் கொடுத்தார்கள், கவுண்டரில் இருந்தவருக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியவில்லை. ஷீட் இருந்தால் எடுத்துக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

பிறகு மூலைச் சோதனை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் தூரத்தில் சின்ன எழுத்து உள்ள ஒரு போர்டைத் தேர்ந்தெடுங்கள். எஃப்/1.8, ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்), கேமராவில் லென்ஸ் திருத்தங்கள் எல்லாம் ஆஃப். போர்டை நடுவில் வைத்து ஒன்று, நான்கு மூலைகளிலும் வைத்து ஒவ்வொன்று, ஒவ்வொரு முறையும் போர்டின் மீதே ஃபோகஸ் செய்து எடுக்க வேண்டும். நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டு மூலையைப் பார்த்தால் ஃபீல்டு வளைவினால் (ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதால்) வரும் மங்கலும் லென்ஸ் கோணலால் வரும் மங்கலும் கலந்துவிடும். நான்கு மூலையும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது அந்த மாடலின் குணம். ஒன்று மட்டும் குழைந்திருந்தால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி எடுங்கள். மங்கல் ஃபிரேமின் அதே மூலையிலேயே நின்றால் குறை லென்ஸிலோ மவுண்டிலோ. உங்கள் சொந்த லென்ஸை மாட்டியும் அதே மூலை மங்கினால் கோளாறு உங்கள் பாடியில். மூலைகள் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது), சிலவற்றில் அதற்கு மேலும் இருண்டிருக்கும். இந்த வகை லென்ஸுக்கு அது இயல்பு, அதற்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

ஆவண விஷயத்தில் ஒன்றே ஒன்று: பாஸ்போர்ட்டை ஈடாக வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நகல் கொடுங்கள், முன்பணம் கூடுதலாகக் கொடுங்கள், அதற்கும் ஒத்துவராத கடை வேண்டாம். வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட சில நாட்டு செல் எண்களிலேயே யுபிஐ வேலை செய்யும். வங்கியில் முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். பில்லில் லென்ஸின் சீரியல் எண்ணும், ஏற்கெனவே உள்ள கீறல்களும் எழுதப்பட வேண்டும். கேரளாவுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லிவிட்டே எடுங்கள், பில் நகல் பையிலேயே இருக்கட்டும்.

பகலில் பாலக்காட்டுக் கல்பாத்தி. அக்ரஹாரத் தெருவின் நீண்ட ஓட்டுக்கூரை வரிசையும் திண்ணைத் தூண்களும் நேர்க்கோட்டுச் சோதனைக்கென்றே கட்டியதுபோல் இருக்கும். கூரை விளிம்பை ஃபிரேமின் மேல் ஓரத்துக்கு இணையாக வைத்து எடுத்தால் லென்ஸ் கோட்டை வளைக்கிறதா என்பது ஒரே படத்தில் தெரியும். ஆனால் கோடு நேராக இருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை மனிதர்கள்மேல் பார்க்கலாம். 14 மிமீ-இல் ஃபிரேமின் பக்க ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் சுமார் 1.6 மடங்கு இழுபடும். 20 மிமீ-இல் அது 1.35 மடங்கு. லென்ஸ் எவ்வளவு நல்லதானாலும் இது மாறாது, வடிவியல் அப்படி. வீட்டு விசேஷத்தில் வரிசையாக நிற்கும் சொந்தக்காரர்களை எடுக்கத்தான் லென்ஸ் என்றால் 14 மிமீ வேண்டாம் என்று திட்டமாகச் சொல்வேன். ஓரத்தில் நின்ற அத்தையின் முகத்தைப் பிறகு எந்த மென்பொருளிலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. தெருவில் குடியிருப்பவர்களின் திண்ணையைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கேரளக் கோயில்களுக்குள் கேமரா கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரவுச் சோதனைக்கு வாளையார், கஞ்சிக்கோடு பக்கம் போக வேண்டாம். யானை நடமாடும் பகுதி. பரம்பிக்குளத்துக்குத் தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக முடியும், இரவில் வெளியே நின்று படமெடுக்க அங்கே வழியில்லை. கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே தோட்டக்காரரிடம் கேட்டு, அவருடைய வரப்பில் நிற்பதுதான் சரி. கோவையின் ஒளி வடக்கிலும் பொள்ளாச்சியின் ஒளி கிழக்கிலும் விழும், தெற்கு வானம் மலைப்பக்கமாக ஓரளவு இருட்டாகக் கிடைக்கும். இடம் கேட்கும்போதே பம்ப்செட் விளக்கைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். “மோட்டார் ரூம் லைட்ட அமத்திப் போடறனுங்க, பன்னி வந்தா மட்டும் போட்டுக்கிறேன்” என்பதுதான் வழக்கமான பதில். அந்த ஒரு எல்இடி பல்பு ஃபிரேமுக்கு வெளியே பக்கவாட்டில் இருந்தால்கூட உருண்ட முன்கண்ணாடியில் பட்டு, படத்தின் குறுக்கே வெளிறிய பட்டை போட்டுவிடும்.

டிசம்பரில் பால்வீதியின் மையம் கிடைக்காது. சூரியன் அப்போது தனுசு ராசிப் பக்கம் இருப்பதால் அது பகலில் போய்விடும். பிப்ரவரி தொடக்கம் முதல் விடியலுக்கு முன் தென்கிழக்கில் தென்படும், ஜூனில் மழை கூடிவிடும். அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. லென்ஸ் சோதனைக்கு டிசம்பர் வானமே மேல், ஏனென்றால் அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) இருக்கிறது. இந்த அட்சரேகையில் அது உச்சிக்கு வரும்போதும் தெற்கே 27 பாகை உயரத்தில்தான் நிற்கும், அண்ணாந்து பார்க்காமலே ட்ரைபாடை வைத்து வேலை செய்யலாம். பிரகாசமான நட்சத்திரம்தான் லென்ஸின் குறையை ஒளிக்காமல் காட்டும். அதைத் திரையில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, நான்கு மூலைகளிலும் வைத்து எஃப்/1.8, 2, 2.8 மூன்றிலும் எடுங்கள். புள்ளிக்கு இரண்டு இறக்கை முளைத்திருந்தால் அது கோமா வகைக் குறை. எஃப்/2.8-இல்தான் இறக்கை மறைகிறது என்றால் எஃப்/1.8-க்குக் கொடுக்கும் காசு வானத்தைப் பொறுத்தவரை வீண். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள ஒளி வித்தியாசம் 2.4 மடங்கு.

இங்கே பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். 500-ஐ மிமீ எண்ணால் வகுத்தால் நட்சத்திரம் இழுபடாத நொடி கிடைக்கும் என்பது பழைய 500 விதி. அதன்படி 14 மிமீ-க்கு 35 நொடி வரும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் பக்கம் 35 நொடியில் நட்சத்திரம் ஆறு பிக்சல் நீளத்துக்கு இழுபட்டுவிடும். மூலைகளில் லென்ஸின் நீட்சி அதை இன்னும் கூட்டும். அதைப் பார்த்து லென்ஸ் மோசம் என்று எழுதிவிடுகிறார்கள். 14 மிமீ-க்கு 15 நொடி, 20 மிமீ-க்கு 10 முதல் 12 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று வையுங்கள். சந்தேகம் இருந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றி 2 நொடியில் ஒரு படம். வால் மறைந்தால் பூமி சுற்றியதால் வந்த கோடு, மறையாவிட்டால் லென்ஸின் குறை. கேமராவை அணைத்துப் போட்டால் இந்த வகை லென்ஸ்களில் பலவற்றில் ஃபோகஸ் நிலை மாறிவிடும், ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்ய வேண்டும்.

பனைமரம் பற்றியும் சொல்ல வேண்டும், சித்தூர்ப் பக்கம் படத்தில் அது இல்லாமல் இருக்காது. பால்வீதி மையம் இங்கே அதிகபட்சம் 50 பாகை ஏறும். 14 மிமீ-ஐச் செங்குத்தாகத் திருப்பி, கேமராவை மட்டமாக வைத்தால் அடிவானத்துக்கு மேல் 52 பாகை வரை தெரியும், 20 மிமீ-இல் 42 தான். ஆக 14 மிமீ-இல் பனை சாயாமலே மையத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் மையம் விழுவது லென்ஸின் மிக பலவீனமான ஓரத்தில். கேமராவை அண்ணாத்தினால் வானம் சரியாகும், பனைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். மையம் இன்னும் உச்சிக்கு ஏறாமல் 30 பாகை வாக்கில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்ல வழி, அப்போது 20 மிமீ-யும் போதும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழியில் கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். ட்ரைபாடின் நடுத்தண்டை இறக்கி, பையை அதில் தொங்கவிட்டு, காருக்கு மேற்கே ஒதுக்கமாக நில்லுங்கள். பாடியில் ஸ்டெபிலைசேஷன் (அசைவுத் தடுப்பு) ஆஃப். 15 நொடியில் பனையோலை குழம்பித்தான் போகும், அந்தி வெளிச்சத்தில் முன்புறத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும் இரவில் பனி அவ்வளவாகப் படியாது. நெல்லியாம்பதி மாதிரி மேலே போனால் படியும், யுஎஸ்பியில் ஓடும் வெப்பப் பட்டை வேண்டும். ஏசி காரிலிருந்து எடுப்பதற்கு முன் லென்ஸை மூடிய பிளாஸ்டிக் பையிலேயே அரை மணி நேரம் வெளியில் வையுங்கள். நேராக எடுத்தால் உள்கண்ணாடியில் ஆவி பிடிக்கும், துடைக்க முடியாது.

சென்சார் துடைக்கும் சேவை பல கடைகளில் உண்டு, அவசரப்பட வேண்டாம். எஃப்/1.8-இல் சென்சார் தூசி படத்தில் தெரியவே தெரியாது. துடைக்கக் கொடுத்தால் எஃப்/16-இல் வானத்தை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள், ஸ்வாப் புது பாக்கெட்டிலிருந்து கண்ணெதிரே எடுக்கப்பட வேண்டும்.

வாங்குவது என்றால் என் தேர்வு 20 மிமீ. விசேஷம், அக்ரஹாரம், வானம் மூன்றுக்கும் வரும், முன்னால் சாதாரண 67 மிமீ ஃபில்டரும் மாட்டலாம். 14 மிமீ-ஐ வானத்துக்காக இரண்டு இரவு வாடகைக்கு எடுத்தால் போதும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் போகும் லென்ஸுக்கு இந்திய வாரண்டி அங்கே செல்லுமா என்று பில் போடும் முன் எழுத்தில் கேளுங்கள்.

திருப்பிக் கொடுப்பதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியை அவர்கள் உங்கள் எதிரிலேயே பார்த்து, பில்லில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். முன்பணம் பெரும்பாலும் கட்டிய கணக்குக்கே திரும்பும். சித்தப்பாவின் யுபிஐயில் கட்டியிருந்தால் அவருக்கே போகும். விமானம் ஏறும் முன் அதையும் கேட்டு முடித்துவிடுங்கள்.