கடலோர ஊர் பஸ்ஸில் ஆறு வருடம்

சொந்த வண்டி இல்லாமல், கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் பஸ்ஸை மட்டுமே நம்பி ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ரயிலடிக்கு, படகுத்துறைக்கு, எல்லாவற்றுக்கும் இதே பஸ்தான். இப்படியோர் ஊருக்குக் குடிபோகிறவர்கள் பஸ்ஸை நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பெரிய நகரத்துப் பழக்கத்தோடு போய் நின்றால் முதல் மாதமே வெறுத்துப்போகும்.

நகரத்தில் ஒரு பஸ் போனால் அடுத்தது பின்னாலேயே வரும். இங்கே மணிக்கு ஒன்று. அதனால் பஸ் தாமதமாக வருவதைவிட, நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவதுதான் பெரிய கொடுமை. முதல் வருடம் ஒருநாள் 7:40 பஸ் 7:37க்கே போய்விட்டது. நான் 7:38க்கு நிறுத்தத்தில் நிற்கிறேன், பின்விளக்கு வளைவில் திரும்புவது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த 3 நிமிடம் எனக்கு 1 மணி நேரத்துக்கும் மேல் தின்றது. அதே பஸ் 10 நிமிடம் பிந்தி வந்திருந்தால் போவது வெறும் 10 நிமிடம்தான். இதை நிர்வாகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். இப்போது வழியில் இரண்டு இடங்களில், சீக்கிரம் வந்துவிட்டாலும் மணி ஆகும்வரை நின்றுதான் கிளம்புகிறார்கள். கூட்டத்தோடு நிற்கும் அந்த 2 நிமிடத்தில் சிலர் சலித்துக்கொள்வார்கள். நான் சலித்துக்கொள்வதே இல்லை. அடுத்த நிறுத்தத்துக்கு மூச்சிரைக்க நடந்துவரும் யாரோ ஒருவருக்காக அந்த நிமிடங்கள்.

அப்புறம் மூன்றாவது வருடத்தில் அட்டவணையை மாற்றினார்கள். முன்பு 7:40, 8:55, 9:50 என்று மனதில் நிற்காத நேரங்கள். இப்போது ஒவ்வொரு மணியிலும் ஒரே நிமிடம். எங்கள் நிறுத்தத்துக்கு 10 என்றால் 6:10, 7:10, 8:10, இரவு வரை அப்படியே. சுவிட்சர்லாந்து 1982ல் தன் ரயில்களை நாடு முழுக்க இந்த முறைக்குக் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் இதற்காக ஒரு பஸ்கூட அதிகமாக விடவில்லை, ஆனாலும் பஸ் கூடிவிட்டது போல இருக்கிறது. அட்டவணை படிக்கக் கண் தெரியாத பெரியவர்கள்கூட இப்போது தனியாகப் போய்வருகிறார்கள். ஆறு வருடத்தில் நான் பார்த்த மாற்றங்களில் உருப்படியானது இதுதான்.

கடலோர ஊருக்கென்றே சில குணங்கள் உண்டு. உள்நாட்டு ஊரில் ஒரு நிறுத்தத்தைச் சுற்றி நாலா பக்கமும் வீடுகள் இருக்கும். கடற்கரைச் சாலை நிறுத்தத்துக்குப் பாதி வட்டம் தண்ணீர். ஏற ஆள் வருவது ஒரு பக்கத்திலிருந்துதான். ஆனால் இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஊரே கரையை ஒட்டி நீளமாகக் கிடப்பதால் ஒரே தடம் ஏறக்குறைய எல்லோரையும் தொட்டுவிடும். பெல்ஜியத்தில் ஒரே டிராம் தடம் ஏறக்குறைய 67 கிலோமீட்டருக்குக் கடற்கரை ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் போகிறது. வேல்ஸில் ஸ்வான்சீ விரிகுடாவின் ஓரமாக 1807லேயே தண்டவாளத்தில் குதிரை இழுக்கும் வண்டி காசு வாங்கி ஆள் ஏற்றியது. கரையோர ஊரும் ஒற்றைத் தடமும் அவ்வளவு பொருத்தம். கெடுதல் என்னவென்றால், சாலையும் ஒன்றே ஒன்று. ஒரு லாரி குறுக்கே நின்றாலோ, புயல் நாளில் அலை சாலைக்கு ஏறினாலோ சுற்றிப்போக வழி கிடையாது. அந்த நாட்களில் பஸ் வரும் வரும் என்று காத்திருக்காமல் நடக்கத் தொடங்கிவிடுவதே மேல்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விடிகாலை முதல் பஸ்ஸில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தால் பிசுபிசுக்கும். மழை பெய்திருக்காது, பனியும் இருக்காது. கம்பியில் படிந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. இரும்பு துருப்பிடிக்க அந்த ஈரமே போதும். ஜன்னல் சட்டத்தின் மூலையில் முதலில் பெயின்ட் குமிழ் போலப் புடைக்கும். சில வாரத்தில் குமிழ் உடைந்து பழுப்பு நீர் வழியும், அதற்கப்புறம் அந்தக் கண்ணாடி திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. நான் வழக்கமாக உட்காரும் ஜன்னலில் இந்த மொத்தக் கதையையும் பார்த்தேன். நல்ல தண்ணீரால், முக்கியமாக அடிப்பக்கத்தையும் சேர்த்து அடிக்கடி கழுவினால் வண்டிக்கு ஆயுசு கூடும். வெளியே மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டுப் படிக்கட்டின் அடியை மறந்தால் கால் வைக்கிற இடம்தான் முதலில் ஓட்டையாகும். புது பஸ் வந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டபோது நான் முதலில் குனிந்து பார்த்தது படியைத்தான்.

நிழற்குடைகள் பெரும்பாலும் சாலையைப் பார்த்துத்தான் கட்டப்படுகின்றன. சாலைக்கு அந்தப் பக்கம் கடல் என்றால், மழையோடு காற்று அடிக்கும்போது நேராக முகத்தில். பக்கத்தில் ஒரு தடுப்புச் சுவர் இருந்தால்கூடப் போதும். சாதாரண நாளில் இதே காற்றுதான் வரம். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால் பிற்பகலில் கடலிலிருந்து காற்று வீசும். மூன்று மணி பஸ்ஸில் கடல் பக்க ஜன்னலோரம் கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம்.

படகுத்துறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, பெரிதாக இருக்கும் கரைகளில் படகு கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புவதில்லை, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துத்தான் கிளம்பும். ஓதம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். பஸ்ஸோ தினமும் ஒரே நேரம். ஆகவே திங்கட்கிழமை கச்சிதமாகச் சேர்ந்த பஸ்ஸும் படகும் வியாழக்கிழமை சேராது. நான் ஓத அட்டவணையையும் பஸ் அட்டவணையையும் ஒரே தாளில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன்.

சீசனில் நிலைமை தலைகீழ். வெளியூர்க் கூட்டத்துக்காக 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பார்கள். வருவது அரை மணிக்கு இரண்டு சேர்ந்தாற்போல. முன்னால் போகிற பஸ் கொஞ்சம் பிந்தினால் நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், ஏற்ற நேரம் பிடிக்கும், மேலும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற்ற ஆள் இருக்காது, அது ஓடிவந்து முன்னதைப் பிடித்துவிடும். நெரிசலான முதல் பஸ்ஸை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் இரண்டாவதில் உட்கார இடம் இருக்கும்.

பஸ்ஸை இலவசமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பிரான்சின் கடலோர நகரமான டன்கிர்க் 2018 செப்டம்பரில் அப்படிச் செய்தது. ஆனால் அதோடு தடங்களையும் மாற்றி அமைத்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் கடைசி பஸ்ஸைக் கவனிக்க வேண்டும். ஊர் அடங்குவதற்கு முன்பே கடைசி பஸ் போய்விடுமானால், சாயங்கால வேலை பார்க்கிறவர்களுக்குப் போகிற பஸ்ஸாலும் பிரயோஜனம் இல்லை. திரும்ப வழியில்லாத இடத்துக்கு யார் போவார்கள்?

எங்கள் கடைசி பஸ் 9:10. போன மழைக்காலத்தில் ஒருநாள் படகு பிந்திவிட்டது. துறையில் இறங்கி ஓடிவரும்போது மணி 9:14. பஸ் விளக்கை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. என் பின்னால் ஒரு பாட்டி மூட்டையோடு மெதுவாக வந்தார். "மெதுவா வாங்க பாட்டி, நீங்க ஏறாம எடுக்க மாட்டேன்" என்று டிரைவர் குரல் கொடுத்தார். "நல்லா இருப்பே தம்பி" என்று சொல்லிக்கொண்டே பாட்டி மூட்டையை முதலில் படியில் வைத்தார். கண்டக்டர் அதை வாங்கி உள்ளே வைத்தபிறகுதான் விசில் ஊதினார்.