இலவசமாகக் கலைப் பாடம் படிக்க நான்கு வழிகள்: எது யாருக்குச் சரிப்படும்?

குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்திக்கொண்டே தத்துவம், இலக்கியம், வரலாறு படிக்க ஆசைப்படும் பெரியவர்களுக்கு வட அமெரிக்காவில் நான்கு முக்கியமான வழிகள் உள்ளன: கிளெமென்ட்டே கோர்ஸ், வான்கூவரின் ஹியூமானிட்டீஸ் 101, பார்டு கல்லூரியின் மைக்ரோகாலேஜ், இணையப் பாடங்கள். நான்கிலும் காசு கட்டாமல் படிக்கலாம். முக்கிய வித்தியாசம் வகுப்புக்கு வந்துபோகும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பாதியில் நிற்பதும் கடைசிவரை படிப்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

கிளெமென்ட்டே கோர்ஸ்

எழுத்தாளர் எர்ல் ஷோரிஸ் 1995இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் இருந்த ராபர்ட்டோ கிளெமென்ட்டே குடும்ப ஆலோசனை மையத்தில் இதைத் தொடங்கினார். ஏழைகளுக்குத் தொழிற்பயிற்சி போதும் என்று எல்லோரும் சொன்ன காலத்தில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் அதே நூல்களை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றார். முதல் வகுப்பில் சேர நிபந்தனைகள் எளிமையானவை: வயது 18 முதல் 35, வருமானம் வறுமைக்கோட்டின் 150 விழுக்காட்டுக்குள், செய்தித்தாள் படிக்கத் தெரிந்தால் போதும்.

பாடங்கள் ஐந்து: அறவியல், இலக்கியம், கலை வரலாறு, அமெரிக்க வரலாறு, எழுத்துப் பயிற்சி. மொத்தம் 110 மணி நேரம். வாரம் இரண்டு மாலை, மாலைக்கு 2 மணி நேரம் என்று வைத்தால் 28 வாரம் பிடிக்கும். முடித்தவருக்கு நியூயார்க் மாநிலத்தின் பார்டு கல்லூரி 6 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு) தருகிறது. புத்தகம், பயணச் செலவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் சேர்த்தே இலவசம். பயணச் செலவைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 28 வாரத்துக்குப் போகவர 112 பயணம். 2023இல் நியூயார்க் சுரங்க ரயில் கட்டணம் 2.90 டாலராக உயர்ந்தது. அந்தக் கணக்கில் 325 டாலர் ஆகிறது. மாதக் கடைசியில் அந்தப் பணம் பாடத்துக்குப் போகாது, பாலுக்குத்தான் போகும்.

இங்கே விரிவுரை கிடையாது, உரையாடல்தான். கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ எழுதிய கிரிட்டோ என்ற உரையாடல் நூலை எடுத்துக்கொள்வோம். மரண தண்டனை பெற்ற சாக்ரடீஸ் சிறையில் இருக்கிறார். தப்பிக்க வைக்க நண்பர் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு வந்து நிற்கிறார். ஆசிரியர் ஒரு பத்தியை உரக்கப் படித்துவிட்டு, "நீங்களாக இருந்தால் போவீர்களா?" என்று கேட்கிறார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவரும், மகனின் வழக்குக்காக நீதிமன்றம் ஏறி இறங்கியவரும் இருக்கும் அறையில் அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் இருபது வயது மாணவர்களிடம் கிடைக்காதவை.

கெட்டுப்போவது எங்கே? ஆசிரியர் இரண்டு மணி நேரமும் தானே பேசினால் வகுப்பு செத்துவிடும். இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு, படிக்காமல் வந்தவர் வாய் திறக்கக் கூச்சப்படுவார். அடுத்த வாரம் வரமாட்டார். அதற்கு மருந்து, இரண்டு பக்கத்தை வகுப்பிலேயே சேர்ந்து படிப்பது. முதல் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பும் வாரம் இன்னொரு ஆபத்தான கட்டம். இவ்வளவு தாங்கிப் பிடித்தும் முதல் ஆண்டில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே முடித்தார்கள். ஷிப்ட் மாற்றம், உடல்நலம், வீடு மாற்றம் எல்லாம் ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

6 கிரெடிட் என்பது 120 கிரெடிட் கேட்கும் இளங்கலைப் பட்டத்தில் இருபதில் ஒரு பங்கு. வேறு கல்லூரிக்குப் போனால் அதை ஏற்பதா என்பது அந்தக் கல்லூரியின் முடிவு. சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஹியூமானிட்டீஸ் 101

ஷோரிஸின் யோசனையைப் பார்த்து, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் 1998இல் உருவாக்கியது இது. வான்கூவரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு போன்ற ஏழைப் பகுதியினருக்கானது. கிரெடிட் கிடையாது. ஆனால் மாலைச் சாப்பாடு, பேருந்துச் சீட்டு, குழந்தைக் காப்பு உண்டு. மாணவர் அட்டையும் தருவதால் பல்கலைக்கழக நூலகத்துக்குள் மற்ற மாணவர்களைப் போலவே நுழையலாம்.

கிரெடிட் இல்லாததைக் குறை என்று பலர் சொல்கிறார்கள். பள்ளியில் அவமானப்பட்டு வெளியேறியவருக்கு அதுதான் கதவைத் திறக்கிறது என்பது எங்கள் கருத்து. வீடில்லாமல் அல்லலுறுபவரும் மனநலச் சிக்கலோடு போராடுபவரும் இரண்டு வாரம் காணாமல் போய்த் திரும்பினாலும் இடம் இருக்கும். பட்டம் நோக்கிப் போகிறவருக்கு கிளெமென்ட்டே. மறுபடி புத்தகத்தோடு பழக விரும்புபவருக்கு இது. வகுப்பு நடப்பது குடியிருப்புப் பகுதியில் அல்ல, நகரின் மறுகோடியில் உள்ள வளாகத்தில். நீண்ட பேருந்துப் பயணம் சிலரைத் தடுக்கும். ஆனால் பல்கலைக்கழகம் தங்களுக்கும் உரியது என்ற உணர்வு அங்கே போனால்தான் வரும்.

மைக்ரோகாலேஜ்

பார்டு கல்லூரி இதை மாசசூசெட்ஸின் ஹோலியோக்கில் 2016இலும், புரூக்ளின் பொது நூலகத்தில் 2018இலும் தொடங்கியது. நான்கில் முழு அசோசியேட் பட்டம் (இளங்கலைக்கு முந்தைய ஈராண்டுப் பட்டம்) தருவது இது ஒன்றுதான். ஹோலியோக்கில் இளம் தாய்மாரை மனதில் வைத்தே ஆரம்பித்தார்கள். பட்டம்தான் வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை. ஆனால் இடங்கள் மிகக் குறைவு, படிப்பும் கடினம். வேலை நேரம் நிலையாக இல்லாதவர் கிளெமென்ட்டேயில் ஓர் ஆண்டு பழகிவிட்டு இங்கே வருவது உத்தமம்.

இணையப் பாடங்கள்

யேல் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் யேல் கோர்சஸ் 2007 முதல் இலவசம். பதிவும் வேண்டாம், சான்றிதழும் கிடையாது. எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் காலவரம்பு உண்டு, சான்றிதழுக்குப் பணம். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸில் நடத்திய பாடங்களில் 2017–18இல் பதிவு செய்தவர்களில் 3.13 விழுக்காட்டினரே முடித்தார்கள். வேடிக்கை பார்க்கப் பதிந்தவர்களும் அதில் உண்டு என்றாலும், "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆளில்லாத இடத்தில் இப்படித்தான் நடக்கும். இதைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் தொடங்க நினைப்பவர்களுக்கு

ஷோரிஸின் முறை ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மாயா மொழியிலும் நடந்தது. தமிழிலும் முடியும். கிரிட்டோவுக்குப் பக்கத்தில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வைத்துப் பாருங்கள். ஒன்றில் தவறான தீர்ப்புக்கும் கட்டுப்படும் குடிமகன், மற்றதில் தவறான தீர்ப்பு தந்ததால் உயிர்விடும் அரசன். இரண்டு மாலைக்குப் பேச்சு ஓயாது. நிதி திரட்டும்போது பேருந்துக் கட்டணத்தை முதலில் எழுதுங்கள். அடுத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளம், பிறகு இரவுச் சாப்பாடு. புத்தகச் செலவு கடைசியில் வரட்டும். பழைய நூல்கள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேவையான பக்கங்களை அச்செடுத்துத் தந்தால் போதும்.