கோல்ட் டிப் ட்ரெடிஷனல் ஷாஃப்ட்: 45 பவுண்டு ரீகர்வுக்கு 400 வேண்டாம்

மரநிறப் பூச்சோடு வரும் கார்பன் ஷாஃப்ட்களில், அதாவது அம்புத் தண்டுகளில், கோல்ட் டிப் ட்ரெடிஷனல் நம்பி வாங்கக்கூடிய சரக்கு. அலுமினியம் போல வளைந்துபோய் நிற்காது, மரத்தண்டு போல ஈரத்தில் கோணாது. ஒன்று நேராக இருக்கும், இல்லையென்றால் உடைந்திருக்கும். தரத்தில் பெரிய குறை இல்லை. தடுமாற்றமெல்லாம் 600, 500, 400, 340 என்ற நான்கு விறைப்புகளில் எதை எடுப்பது என்பதில்தான். பெரும்பாலோர் தேவைக்கு ஒரு படி விறைப்பானதை வாங்கிவிட்டு, அம்பு இடப்பக்கமே போகிறது என்று கையைக் குறை சொல்கிறார்கள்.

முதலில் அந்த எண். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தாழ்கிறதோ, அதுவே ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் ஸ்பைன். 500 என்றால் அரை அங்குலம். எண் ஏற ஏறத் தண்டு மென்மை. மரத்தண்டுக்குக் கணக்கே வேறு: 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை, 26-ஐத் தாழ்ந்த அளவால் வகுத்தால் வருவது பவுண்டு. 0.52 அங்குலம் தாழ்ந்தால் அது 50 பவுண்டுத் தண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழைய கோல்ட் டிப் சரக்கில் 3555, 5575, 7595 என்று அச்சிட்டிருக்கும். அவை முறையே 500, 400, 340. உள்ளே ஒளிந்திருக்கும் பவுண்டு எல்லை (3555 என்றால் 35 முதல் 55) வெறும் தோராயம். அம்பின் நீளமோ முனையின் எடையோ அதில் சேரவில்லை.

தண்டைத் தாங்கியில் வைத்து அளப்பது ஒன்று, வில்லிலிருந்து கிளம்பும்போது அது வளைவது இன்னொன்று. விரலை விடும்போது நாண் பக்கவாட்டில் விலகுகிறது. தண்டு வளைந்து, வில்லின் நடுப்பகுதியான ரைசரைச் சுற்றிக்கொண்டு போகிறது. 1930-களில் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படச்சுருளில் பிடித்துக் காட்டியது இந்த வளைவைத்தான். அம்பை ரைசரில் அது தங்கும் விளிம்பான ஷெல்ஃப் மேலேயே வைத்து எய்பவர்களுக்கு இதில் பிழை தாங்கும் இடம் மிகக் குறைவு.

பலரிடமும் இருக்கும் வில்லையே எடுத்துக்கொள்வோம்: 62 அங்குல சாமிக் சேஜ் ரீகர்வ், 45 பவுண்டு லிம்ப் (வில்லின் வளையும் கைகள்). லிம்பில் எழுதியிருக்கும் 45 என்பது 28 அங்குல டிராவுக்கு, அதாவது நாணை அவ்வளவு தூரம் இழுத்தால். 26 அங்குலம் மட்டும் இழுப்பவர் கையில் அது ஏறக்குறைய 40. 30 அங்குலம் இழுப்பவருக்கு 50-ஐத் தொடும். வில் தராசில் உங்கள் டிராவில் அளந்த எண்ணே கணக்கு. உடன் வரும், சற்று இழுபடும் டாக்ரான் நாணுக்குப் பதில் அதிகம் இழுபடாத ஃபாஸ்ட் ஃப்ளைட் நாண் போட்டால் வில் சுமார் 5 பவுண்டு கூடியதைப் போல அம்புக்குத் தெரியும், சற்று விறைப்பானது தேவைப்படும். ஷெல்ஃப் ஓரத்தில் தடித்த தோல் ஒட்டினால் நேர் எதிர்: அம்பு மையத்திலிருந்து வெளியே தள்ளப்படுவதால் மென்மையானது வேண்டும். தோலை மெல்லியதாக மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதுண்டு.

45 பவுண்டு, 28 அங்குல டிரா, டாக்ரான் நாண் என்றால் தொடக்கம் இப்படி: 500 ஸ்பைன், 30 அங்குல நீளம், முன்பக்கம் 175 கிரெயின் எடையுள்ள முனை. கையில் 40 பவுண்டு மட்டும் வருகிறது என்றால் 600, 29 முதல் 30 அங்குலம், 145 கிரெயின். 400-ஐ 55 பவுண்டுக்குக் கீழே யோசிக்கவே வேண்டாம். 35 பவுண்டு வில்காரர்களுக்கு இந்த வரிசை சரிப்படாது. 600 கூட அவர்களுக்கு விறைப்பு. 700 உள்ள ஈஸ்டன் கார்பன் லெகசி பக்கம் போகலாம்.

டஜனாக வாங்குவது முதல் தவறு. 500-இல் மூன்று, 600-இல் மூன்று, வெட்டாத முழு நீளத்தில் வாங்குங்கள். 100, 125, 145, 175, 200 கிரெயின் முனைகள் ஒவ்வொரு வகையிலும் இரண்டிரண்டு போதும். முனையைத் திருகும் இன்சர்ட்டை ஹாட் மெல்ட் பசையில் ஒட்டுங்கள், எபாக்ஸியில் அல்ல. முனையை மட்டும் சூடாக்கிப் பசையை இளக்கலாம். தீயைத் தண்டின் மேலேயே காட்டினால் கார்பனைப் பிணைக்கும் ரெசின் கெட்டுவிடும். இந்தத் தண்டில் ஒரு வசதி உண்டு: கூடவரும் அலுமினிய இன்சர்ட்டின் பின்பக்கம் மரை இருப்பதால், வாலில் நாணைக் கவ்வும் நாக்-ஐக் கழற்றி, அந்த வழியாக நீள ஆலன் கீயை விட்டு 10, 20, 50 கிரெயின் எடைகளைத் திருகலாம். பசையைப் பிரிக்காமலே முன் எடையை மாற்ற முடிகிற இந்த ஏற்பாட்டுக்காகவே இதை வாங்கலாம். ஈஸ்டன் ஆக்சிஸ் ட்ரெடிஷனல் மெலிதாக இருப்பதால் இன்னும் ஆழமாகத் துளைக்கும். ஆனால் அதன் இன்சர்ட் தண்டுக்குள் மறைந்திருப்பது. சோதனை செய்பவருக்கு எரிச்சல்.

சோதனைக்கு முன் நாணின் உயரம் (வில்லின் பிடிக்கும் நாணுக்கும் இடையிலான தூரம்) 7.5 முதல் 8.25 அங்குலத்துக்குள் இருக்கட்டும். நாணில் அம்பு மாட்டும் இடமான நாக் பாயிண்ட் ஷெல்ஃபின் மட்டத்திலிருந்து அரை அங்குலம் மேலே. மூன்று விரலும் அம்புக்குக் கீழே வைப்பவர் இன்னும் சற்று ஏற்றலாம். 10 கஜத்தில் இறகுள்ள மூன்றும் இறகில்லாத இரண்டும் எய்யுங்கள். இறகின் எடைக்கு ஈடாக வெற்றுத் தண்டின் வாலில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மேல் கீழ் வித்தியாசத்தை முதலில் சரிசெய்யுங்கள்: வெற்றுத் தண்டு இறகுள்ளவற்றுக்குக் கீழே குத்தினால் நாக் பாயிண்ட் உயரம், இறக்குங்கள். அதன் பிறகுதான் இடம் வலம். வலக்கைக்காரருக்கு வெற்றுத் தண்டு இடப்பக்கம் போனால் விறைப்பு, வலப்பக்கம் போனால் மென்மை. தண்டு எந்தக் கோணத்தில் சாய்ந்து நிற்கிறது என்று பார்த்து முடிவுசெய்யாதீர்கள். இலக்குப் பலகையின் தளர்ச்சியே அதைச் சாய்த்துவிடும். எங்கே குத்தியது என்பதே சாட்சி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அளவுக்கு மீறி மென்மையான தண்டு ரைசரில் மோதி இடப்பக்கம் தெறிக்கும்; விறைப்பு என்று நினைத்து முனை எடையை ஏற்றுவீர்கள், நிலைமை மோசமாகும். ஷெல்ஃப் ஓரத்தில் கரித்தூளோ லிப்ஸ்டிக்கோ தடவிப் பாருங்கள். தண்டின் பின்பாதியில் கறை பட்டால் பொய்யான விறைப்பு. எடையைக் குறைத்துப் பார்த்தால் உண்மை வெளிவரும்.

விறைப்பாக இருந்தால் முனை எடையை 25 கிரெயின் கூட்டுங்கள். மென்மையாக இருந்தால் முதலில் எடையைக் குறைத்து, கடைசியில்தான் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். ஓர் அங்குலம் வெட்டினால் ஏறத்தாழ 5 பவுண்டு விறைப்பு கூடும். சரியானதும் 20 கஜத்தில் மீண்டும் ஒருமுறை பாருங்கள், பிறகு டஜன் வாங்குங்கள்.

முழு அம்பையும் தராசில் வையுங்கள்: 45 பவுண்டுக்கு 360 கிரெயினுக்குக் கீழே இறங்கினால் லிம்புக்கு நல்லதில்லை, 400 சுற்றி இருந்தால் வில்லும் அமைதியாகப் பேசும். ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் தண்டை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்து லேசாக வளைத்துக் கேளுங்கள். சிறு சடசடப்பு வந்தாலும் அந்தத் தண்டை இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடுங்கள்.